சார்பில் ஏற்கப்பட்டது

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைப் பிழிந்து, டாக்டர்களைக் கூப்பிடும் ஃபோன் செட்டில் காது வைக்கும் ஓட்டைகளை முதலில் துடைக்க வேண்டும். அழுக்கு அங்கேதான் உட்கார்ந்திருக்கும். பிறகு பொத்தான்கள், பிறகு கண்ணாடி, கடைசியில் இடுப்பில் மாட்டும் கிளிப். டவர் சிஸ்டர் இந்த வரிசையை மாற்றமாட்டாள். இருபத்து மூன்று செட்டுகள், தினமும் காலை ஏழு மணிக்கு. காதுக் குரும்பி, வியர்வை, பிஸ்கட் தூள், சில நாள் காய்ந்த ரத்தம். இளம் டாக்டர்கள் இதைக் கழிவறைக்கும் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். வெளியே வைத்துவிட்டுப் போனால் மணி அடித்து ஊரைக் கூட்டும், அவர்கள்தான் என்ன செய்வார்கள். ஆனாலும் குமட்டியது. முப்பத்து நான்கு வருடம் படுக்கைப் புண்ணையும் மலச்சட்டியையும் பார்த்து அசராத வயிறு, இந்த உள்ளங்கை அளவு பிளாஸ்டிக்கைக் கண்டால் புரட்டிக்கொண்டு வந்தது.

அதிலும் அந்தப் புதன்கிழமை ரொம்பவே புரட்டியது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே அப்படித்தான்.

டவர் என்பது இளம் டாக்டர்கள் வைத்த பட்டப்பெயர். பெரிய ஆஸ்பத்திரி, சாலைக்கு எதிர்ப்புறம் பிரசவ ஆஸ்பத்திரி, சந்துக் கோடியில் எலும்பு ஆஸ்பத்திரி, மூன்றுக்கும் ஒரே நிர்வாகம். எந்த வார்டிலாவது நோயாளிக்கு டாக்டர் வேண்டுமென்றால், அந்த வார்டு நர்ஸ் திரையில் தட்டுவாள். அது வைஃபை வழியாக டவர் சிஸ்டரின் மேசைக்கு வரும். எந்த டாக்டர் எந்த மாடியில் இருக்கிறார், கையில் எத்தனை வேலை என்பதெல்லாம் அவள் திரையில் தெரியும். பார்த்து, ஆளைத் தேர்ந்து, வேலையை அவர் செட்டுக்கு அனுப்புவாள். செட்டு அலறும். டாக்டர் 'ஏற்கிறேன்' என்று அமுக்கினால் அலறல் நிற்கும்.

முழங்கால் தேய்ந்து வார்டில் நிற்க முடியாமல் போனபோது அவளுக்குக் கிடைத்த நாற்காலி இது. வந்த புதிதில் அவளுக்கே பிடித்திருந்தது. அதற்கு முன்னால் இளம் டாக்டர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் பேனாவால் முன்கையில் எழுதிக்கொண்டு திரிவார்கள். ஒருத்தி கையில் முழங்கைவரை எழுத்து இருக்கும், இன்னொருவன் கை வெள்ளையாக இருக்கும், அவன் கேன்டீனில் இருப்பான். செட்டு வந்தபின் வேலை சமமாகப் பிரிந்தது. மாடிப்படியில் மயங்கி விழுவது குறைந்தது. அது நல்ல வேலை. அதை நல்ல வேலை என்றே இன்றும் சொல்வாள்.

பிறகு பச்சை வந்தார்.

பச்சை என்பதும் பட்டப்பெயர்தான், அவர் இந்த ஏற்பாட்டுக்கு மேலாளர். திரையில் வேலை வந்ததும் மஞ்சளாக இருக்கும். டாக்டர் ஏற்றால் பச்சை. பதினைந்து நிமிடம் யாரும் ஏற்காவிட்டால் சிவப்பு. சிவப்பானால் அது தானாகவே பெரிய டாக்டருக்கு மணி அடிக்கும். அதற்காகத்தான் சிவப்பையே வைத்தது. ஆனால் பெரிய டாக்டர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் மணி அடித்தால் பிடிக்காது. அவர்கள் தலைமை டாக்டரிடம் முணுமுணுப்பார்கள், தலைமை டாக்டர் பச்சையைப் பார்ப்பார். பச்சை ஒரு நாள் டவர் சிஸ்டரின் நாற்காலிக்குப் பின்னால் வந்து குனிந்து, அவள் தோளுக்கு மேல் விரலை நீட்டி ஒரு மூலையைக் காட்டினார். அங்கே 'சார்பில் ஏற்பு' என்று ஒரு கட்டம் இருந்தது.

"டாக்டர் கையில கிளவுஸ் இருக்கும், அமுக்க முடியாது. எப்படியும் அவங்கதானே போகப்போறாங்க? பதினாலாவது நிமிஷம் நீங்களே ஒரு தட்டு தட்டிடுங்க சிஸ்டர். சும்மா ஒரு உதவிதான்."

உதவிதானே என்று அவளும் தட்டினாள். தட்டினால் டாக்டர் கையில் செட்டு அலறுவது நிற்கும், வேலை போய் அவர் பட்டியலின் அடியில் உட்காரும், வார்டுத் திரையில் 'ஏற்கப்பட்டது' என்று பச்சையாகத் தெரியும். என்ன வேலை என்பது மட்டும் டாக்டருக்குத் தெரிந்திருக்காது. அதற்காக அவள் தனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டாள். தட்டிய கையோடு, அந்த டாக்டர் இருக்கும் வார்டுக்கு ஃபோன் போட்டு வாயால் சொல்லிவிட வேண்டும். தட்டு, சொல்லு. ஒன்றரை வருடம் அப்படியே ஓடியது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பச்சை என்று தலைமை டாக்டர் அறையில் கண்ணாடிக் கேடயம் ஒன்று வந்து உட்கார்ந்தது.

கதவு தட்டப்பட்டது. சுண்டெலி நின்றுகொண்டிருந்தாள்.

சுண்டெலி டாக்டராகி ஒன்றரை வருடம். சுவரோரமாக விறுவிறுவென்று ஓடுவாள், அதனால் கூடப் படித்தவர்கள் வைத்த பெயர். அவளே ஃபோனை எடுத்தால் "சுண்டெலி பேசுறேன்" என்பாள்.

"கொண்டாம்மா செட்டை. ஏன் மூஞ்சி இப்படி வீங்கிக் கிடக்கு? தூங்கினியா, அழுதியா?"

"ரெண்டையும் சேர்த்து முடிச்சுட்டேன் சிஸ்டர். தனித்தனியா செய்ய நேரமில்ல."

டவர் சிஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. "டூட்டி இல்லியா?"

"நிறுத்தி வச்சிருக்காங்க. நாளைக்கு ஒன்பது மணிக்கு விசாரணை. அதுவரைக்கும் செட்டை ஒப்படைச்சிடணுமாம். பயிற்சி வருஷத்துக்குக் கையெழுத்து கிடைக்காதுன்னு பேசிக்கிறாங்க. வேற எந்த ஆஸ்பத்திரியிலயும் சேர்த்துக்க மாட்டாங்க. பரவால்ல சிஸ்டர், தப்பு பண்ணினா தண்டனைதான். அமுக்கினேன்னு ஒத்துக்கப்போறேன்."

"நீ அமுக்கினது உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இல்ல. ஆனா ரெண்டு இருபத்துநாலுக்கு ஏத்துக்கிட்டேன்னு பதிவாகியிருக்கே." சுண்டெலி தன் வலது கட்டைவிரலைத் தூக்கி அதையே பார்த்தாள். "வீட்டுல பால்காரர் பெல் அடிச்சாக்கூட நான் தூக்கத்துலயே தலையணையை அமுக்குறேனாம். எங்கம்மா பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அன்னிக்கும் நினைவில்லாம பாக்கெட்டுக்குள்ள கைவிட்டு அமுக்கியிருப்பேன். அந்தப் பையனுக்கு வலிப்பு நிக்கவே இல்ல சிஸ்டர், அம்பது நிமிஷம். அதுக்கு நடுவுல ஒரு மனுஷனை மறந்துட்டேன்."

டவர் சிஸ்டர் வாயைத் திறந்தாள். "செட்டை அந்தத் தட்டுல வை," என்றுதான் வந்தது.

சுண்டெலி வைத்துவிட்டு, சுவரோரமாகவே போனாள். இந்த முறை மெதுவாக நடந்து போனாள்.

ரெண்டு இருபத்துநாலுக்கு அமுக்கியது சுண்டெலியின் கட்டைவிரல் அல்ல. டவர் சிஸ்டரின் ஆள்காட்டி விரல்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று ஆஸ்பத்திரிக்கும் சேர்த்து ஐந்து இளம் டாக்டர்கள் இருக்க வேண்டும். ஒருவனுக்குக் காய்ச்சல், ஒருத்தியை நிர்வாகம் இன்னொரு ஊருக்கு அனுப்பியிருந்தது. மிச்சம் மூன்று பேர். ஒருத்தி பிரசவத்தில் மாட்டிக்கொண்டாள், ஒருவன் ஆபரேஷனில் கை கொடுத்துக்கொண்டிருந்தான். சுண்டெலி பெரிய ஆஸ்பத்திரியில் வலிப்பு வந்த பையனோடு இருந்தாள். மதியம் ரெண்டு பத்துக்கு எலும்பு ஆஸ்பத்திரி மூன்றாம் மாடியிலிருந்து ஒரு வேலை வந்தது. பதினான்காம் படுக்கை, இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆன பெரியவர், ரத்த அழுத்தம் எண்பத்துநாலுக்கு இறங்கியிருந்தது. டவர் சிஸ்டர் அதைச் சுண்டெலிக்கு அனுப்பினாள். வேறு ஆளில்லை. பதினான்காவது நிமிடம் தட்டினாள். ஃபோனை எடுக்கக் கை நீட்டியபோது அதுவே அடித்தது, பிரசவ ஆஸ்பத்திரி. அதைப் பேசி வைப்பதற்குள் இன்னும் இரண்டு வேலைகள் பதினான்கு நிமிடத்தைத் தொட்டன. இரண்டையும் தட்டினாள், இரண்டுக்கும் ஃபோன் செய்து சொன்னாள். முதலில் தட்டியதற்குச் சொல்லவில்லை. திரையில் அது பச்சையாக இருந்தது. பச்சையாக இருப்பதை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்.

எலும்பு ஆஸ்பத்திரி நர்ஸும் பச்சையைப் பார்த்தாள். 'டாக்டர் வருகிறார்' என்று கேஸ் தாளில் எழுதிவிட்டுக் காத்திருந்தாள். மஞ்சளாக இருந்திருந்தால் மறுபடி கூப்பிட்டிருப்பாள். சிவப்பாகியிருந்தால் பெரிய டாக்டருக்கே மணி அடித்திருக்கும். மூன்று பதினாறுக்குச் சுண்டெலி கையுறையைக் கழற்றிப் பட்டியலைத் திறந்து, சந்துக்கோடிக்கு ஓடினாள். வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கி, பெரியவருக்கு உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. இப்போது தீவிர சிகிச்சையில், மூச்சு மிஷினிலும் டயாலிசிஸிலும் கிடக்கிறார்.

யார் தட்டியது என்று காட்டும் பத்தி ஒன்று பதிவில் உண்டு. பச்சை அதைப் பார்ப்பார், தன்னைக் கூப்பிடுவார், கூப்பிட்டால் சொல்லிவிடலாம் என்று டவர் சிஸ்டர் திங்கள் முழுக்க இருந்தாள். செவ்வாயும் இருந்தாள்.

புதன் பதினொன்றுக்குப் பச்சை கூப்பிட்டார்.

அவர் அறையில் சுவரில் மாட்டிய வாசனைப் பெட்டி ஒன்று நாலு நிமிடத்துக்கு ஒருமுறை 'புஸ்' என்று மூச்சுவிடும். மல்லிகை என்று மேலே எழுதியிருந்தது. கழிவறையில் மல்லிகையைக் கொட்டினால் வரும் வாடை. பச்சை கார்ச் சாவியைக் காதில் விட்டுக் குடைந்துகொண்டே ஒரு தாளை நகர்த்தினார்.

"படிச்சுட்டு கீழ ஒரு கையெழுத்து போடுங்க சிஸ்டர். ஒருங்கிணைப்பாளர்ங்கிற முறையில."

அவள் படித்தாள். மருத்துவர் 2.24 மணிக்குப் பணியை ஏற்றுக்கொண்ட பின்னும் ஐம்பத்திரண்டு நிமிடம் நோயாளியைப் பார்க்க வரவில்லை. அமைப்பில் எவ்விதக் குறைபாடும் இல்லை. அவ்வளவுதான். யார் தட்டினார்கள் என்ற பத்தி இல்லை.

"இதுல ஒரு பத்தி குறையுதே சார்."

"குழப்பும்னு எடுத்துட்டேன்." சாவியை வெளியே எடுத்து நுனியைப் பார்த்துவிட்டு, மேசையில் கிடந்த காகிதத்தில் துடைத்தார். "வெளியில இருந்து படிக்கிறவங்களுக்கு அதெல்லாம் புரியாது."

"எனக்குப் புரியுது சார்."

"உங்களுக்குப் புரியும்னுதான் உங்களுக்காகவே எடுத்தேன்." பச்சை குரலைத் தாழ்த்தினார். "இன்னும் எட்டு மாசத்துல மாலை மரியாதையோட போகப்போறீங்க. எதுக்கு இந்த வம்பு? அந்தப் பொண்ணு சின்ன வயசு, எங்கயாவது ஒட்டிக்குவா. அவளே ஒத்துக்குறா. அடுத்த மாசம் பத்து ஆஸ்பத்திரியிலிருந்து நம்ம சிஸ்டத்தைப் பார்க்க வர்றாங்க. அது மேல ஒரு கறை படலாமா? நமக்குள்ள என்ன சிஸ்டர்."

சாவி பிடித்த அதே விரல்களால் அவர் பேனாவை நீட்டினார். அவள் அதைத் தொடவில்லை.

"கண்ணாடி எடுத்துட்டு வரலை சார். தாளைக் காலைல கொண்டு வரேன்." கண்ணாடி அவள் மூக்கின் மேல்தான் இருந்தது. பச்சை அதைப் பார்த்தார். வாசனைப் பெட்டி புஸ்ஸென்றது.

மாலையில் மாற்று ஆள் வந்ததும் அவள் வீட்டுக்குப் போகாமல் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனாள். கண்ணாடிக்கு அப்பால் பெரியவர் கிடந்தார். கால் வீங்கி, விரல்கள் பளபளவென்று இருந்தன. நகம் வெட்டி ரொம்ப நாளாகியிருந்தது. சிறுநீர்ப் பையில் அடியில் ஒரு விரல்கடை அளவு கருத்த நீர். பையைப் பார்த்தே அவளுக்குக் கணக்குத் தெரிந்துவிட்டது. பிழைத்தாலும் டயாலிசிஸ் மிஷினோடுதான்.

பெஞ்சில் இருந்த பெண் எழுந்து வந்தாள். அவருடைய மகளாகத்தான் இருக்க வேண்டும், அதே மோவாய்.

"சிஸ்டர், அன்னிக்கு அப்பாவோட வார்டுல இருந்தீங்களா நீங்க? டாக்டர் ஏன் வரலைன்னு யாரைக் கேட்டாலும் நழுவுறாங்க."

"இல்லம்மா. நான் வேற ஒரு கேஸ் பாக்க வந்தேன்," என்றாள் டவர் சிஸ்டர். சொல்லிவிட்டு நடந்தாள். வளைவில் இருந்த குழாயில் கை கழுவினாள். சோப்புப் போட்டு, விரலிடுக்கெல்லாம் தேய்த்து, ஆபரேஷனுக்குப் போகிற மாதிரி கழுவினாள். எதையும் தொடாத கை அது. அந்தக் கழுவலைப் பார்த்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

வீட்டில் அவள் கணவர் சாப்பாட்டு மேசையில் ஃபேன் ரெகுலேட்டரைப் பிரித்துப் பரப்பியிருந்தார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் லிஃப்ட் இல்லாத குறையை மற்ற சாமான்களில் தீர்த்துக்கொள்வார்.

"தட்டு வைக்க இடம் இருக்கா, இல்ல ஸ்குரூவைத்தான் சாப்பிடணுமா?"

"ரெண்டு நிமிஷம் இரு. இது கடைசி ஸ்பிரிங்."

"போன வாரமும் கடைசி ஸ்பிரிங்தான்."

அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்ததும் ரெகுலேட்டரை ஓரமாகத் தள்ளினார். அவள் சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே சாப்பாடு மண்ணாக இருந்தது. தட்டைத் தள்ளிவிட்டாள்.

"கையெழுத்து போட்டியா?"

"தாள் பையில இருக்கு."

"ஏன், பேனாவுல மை இல்லியா?"

"அவன் பேனாவைத் தொடவே பிடிக்கலைங்க. காதைக் குடைஞ்ச கையில நீட்டுறான்."

"நம்ம வீட்டுல நாலு பேனா இருக்கு." அவர் சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணு செய்யாததையா ஒத்துக்கப்போறா?"

"செஞ்சோம்னே நினைக்குறா. தூக்கத்துல விரல் அமுக்குதாம்."

"அப்ப உனக்கு வசதியாப் போச்சு."

அவள் முறைத்தாள்.

"என்னை எதுக்கு முறைக்கிறே? நடந்தது ஞாயித்துக்கிழமை. இன்னிக்கு புதன். மூணு நாளா நீ என்ன பண்ணிட்டிருந்தே?"

"செட்டு தொடச்சிட்டிருந்தேன்," என்றாள் அவள்.

அவர் தண்ணீர்ச் சொம்பை அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு அவர் கேட்டார், "சொன்னா உன்னை என்ன பண்ணுவாங்க?"

"இடைநீக்கம் பண்ணுவாங்க. நர்ஸ் பதிவைக்கூட ரத்து பண்ணலாம். முப்பத்துநாலு வருஷம் என்ன வேலை பாத்தேன்னு யாராவது கேட்டா, ஒரு ஆளைக் கொன்னேன்னு சொல்ற மாதிரி ஆகும்."

"அவர் இன்னும் சாகலைல்ல."

"சாகலை. முக்கால்வாசி செத்தாச்சு."

"அப்ப அதையும் எழுது," என்றார் அவர். "எழுதுறதா இருந்தா முழுசா எழுது. பாதி மூடி பாதி திறந்த லிஃப்ட்லதான் ஆளுங்க கால் மாட்டுறது."

"எல்லாத்துக்கும் ஒரு லிஃப்ட் கொண்டு வந்துடுவீங்க."

"எனக்குத் தெரிஞ்சது அதுதானே."

மேசையில் அவர் ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்ட, எதிரே அவள் கோடு போட்ட தாளில் எழுதினாள். ஆஸ்பத்திரியில் கேஸ் தாள் எழுதுகிற கை. நேரம், செய்தது, செய்யாதது. வருத்தம் தெரிவிக்கிறேன் என்று ஒரு வரி எழுதினாள், பிறகு அதை அடித்தாள். வருத்தம் பெரியவரின் சிறுநீரகத்துக்கு ஒரு சொட்டு உதவாது. அதற்குப் பதில் ஒன்றரை வருடமாக மாதத்துக்கு எத்தனை தட்டு தட்டினாள், யார் கற்றுக்கொடுத்தார், பெரிய டாக்டருக்கு எத்தனை தடவை மணி அடிக்காமல் போயிருக்கும் என்பதை எழுதினாள். மூன்று பிரதி எடுத்தாள். மூன்றாவதில் கை வலித்தது.

மறுநாள் காலை ஆறரைக்கு அவள் தீவிர சிகிச்சைப் பிரிவின் பெஞ்சுக்குப் போனாள். மகள் அங்கேயே தூங்கியிருந்தாள், கன்னத்தில் பெஞ்சின் கம்பித் தடம். டவர் சிஸ்டர் நின்றபடியே சொன்னாள். யார் தட்டியது, ஏன் தட்டியது, டாக்டருக்கு எப்படித் தெரியாமல் போனது. மகள் முழுவதையும் கேட்டாள்.

"நேத்து கேட்டப்ப வேற கேஸ்னு சொன்னீங்க."

"பொய் சொன்னேன்."

"இப்ப எதுக்கு வந்து சொல்றீங்க? மன்னிச்சுட்டேன்னு சொல்லணுமா?"

"வேண்டாம்மா. யாரைக் கேட்டாலும் நழுவுறாங்கன்னு சொன்னே, அதுக்குத்தான்."

"எழுதிக் குடுப்பீங்களா?"

டவர் சிஸ்டர் ஒரு பிரதியை நீட்டினாள். மகள் அதை வெடுக்கென்று வாங்கி, "போயிடுங்க," என்றாள். அவள் போனாள்.

ஒன்பது மணிக்கு விசாரணை அறையில் தலைமை டாக்டர், பயிற்சிக்குப் பொறுப்பான டாக்டர், பச்சை. சுவரோர நாற்காலியில் சுண்டெலி. தலைமை டாக்டர் தொண்டையைச் செருமியதும் சுண்டெலி எழுந்து, "நான்தான் சார்," என்று ஆரம்பித்தாள்.

"உட்காரும்மா," என்றாள் டவர் சிஸ்டர். "நீ எதையும் அமுக்கலை. அமுக்கினது நான்."

சுண்டெலி உட்காரவில்லை. தன் கட்டைவிரலை ஒருமுறை பார்த்தாள். பிறகு டவர் சிஸ்டரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி எதுவும் இல்லை. நேற்றுக் காலை செட்டைத் தட்டில் வைத்தபோதே இவளுக்குத் தெரிந்திருந்தது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. டவர் சிஸ்டர் அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டாள். நியாயமான பார்வை.

இரண்டாம் பிரதியைத் தலைமை டாக்டர் முன் வைத்தாள். அவர் படிக்கப் படிக்க மூக்கின் மேல் வியர்த்தது.

"மாசத்துக்கு இருநூறு தடவையா?"

"இருநூறுக்கு மேல சார். ஞாயித்துக்கிழமைகள்ல ஜாஸ்தி."

"யார் சொல்லிக் குடுத்தது?"

"இவர்தான். என் பின்னாடி நின்னு, விரலை நீட்டி."

"அது சாஃப்ட்வேர்லயே இருக்கிற வசதி சார்," என்றார் பச்சை. "பயன்படுத்தச் சொல்லி நான் கட்டாயப்படுத்தலை. யார் தட்டினாங்கன்னு முழுப் பதிவு எடுக்கணும்னா ரெண்டு நாள் ஆகும்."

"என் மேசையில ரெண்டு நிமிஷம் ஆகும் சார்," என்றாள் டவர் சிஸ்டர். "எடுத்தே கொண்டு வந்திருக்கேன். மூணாவது பிரதியோட சேர்த்து, பயிற்சிக்குப் பொறுப்பான டாக்டருக்குக் குடுத்துடுறேன்."

தலைமை டாக்டர் கையைத் தூக்கினார். "இருங்க, இருங்க. இது இந்த அறையை விட்டு வெளியே போகாம பார்த்துக்குவோம். நோயாளியோட குடும்பத்துக்கு நாம முறைப்படி ஒரு கடிதம்..."

"அவங்ககிட்ட காலைலயே சொல்லிட்டேன் சார். எழுதியும் குடுத்துட்டேன்."

தொண்ணூற்றெட்டு என்று ஊருக்கெல்லாம் சொன்ன தலைமை டாக்டரின் வாய் திறந்தபடி நின்றது. அந்த அறையில் ஒருவர் கூட 'பெரியவர் எப்படி இருக்கிறார்' என்று கேட்கவில்லை என்பதை டவர் சிஸ்டர் கவனித்தாள். கேட்டது கடைசியில் சுண்டெலிதான், அதுவும் யாரையும் பார்க்காமல். "யூரின் வந்துச்சா அவருக்கு?"

"ஒரு விரல்கடை," என்றாள் டவர் சிஸ்டர்.

பயிற்சிக்குப் பொறுப்பான டாக்டர் தாளை மடித்துப் பையில் வைத்தார். சுண்டெலியின் மேல் இனி விசாரணை இல்லை, திங்கள் முதல் வேலைக்கு வரலாம் என்றார். டவர் சிஸ்டருக்கு இடைநீக்கம் என்றார் தலைமை டாக்டர், உடனே. பிறகு பச்சை அவர் காதில் ஏதோ சொன்னார். அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார வேறு ஆள் மதியம் இரண்டு மணிக்குத்தான் வருவாளாம். ஆகவே இடைநீக்கம் இரண்டு மணியிலிருந்து.

"அதுவரைக்கும் வழக்கம்போல பாத்துக்குங்க சிஸ்டர்," என்றார் பச்சை. முகத்தை அவள் பக்கம் திருப்பாமலே சொன்னார்.

அவள் போய் உட்கார்ந்தாள். வேலைகள் வரிசையாக வரத் தொடங்கின. ஒவ்வொன்றாகப் பிரித்து அனுப்பினாள். ஒன்பது ஐம்பதுக்கு முதல் வேலை பதினான்காவது நிமிடத்தைத் தொட்டது. அவள் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். அது சிவந்தது. அடுத்தது சிவந்தது. பத்தேகாலுக்குள் ஒன்பது சிவப்பு. எலும்பு ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் ஃபோனில் பதறினாள்.

"சிஸ்டர், சிவப்பா காட்டுதே! டாக்டர் வரலையா?"

"வரலை. ஆளில்ல. நோயாளி பக்கத்துலயே இரு, கால் மணிக்கு ஒரு தடவை பிரஷர் பாரு, குறைஞ்சா மறுபடி கூப்பிடு. பெரிய டாக்டருக்கு மணி அடிச்சிருக்கும்."

அடித்துத்தான் இருந்தது. பத்தரைக்குப் பெரிய டாக்டர் ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார், இஸ்திரி கலையாத கோட்டு, கையில் பாதி குடித்த காபி.

"என்ன சிஸ்டர் இது, பாக்கெட்டே அதிருது? ஒன்பது தடவை! பச்சையாக்கி விடுங்களேன்."

"ஆள் போனாத்தான் சார் பச்சை ஆகும். பிரசவ ஆஸ்பத்திரி ரெண்டாம் மாடி, ஆறாம் படுக்கை, மூச்சுத் திணறல். நீங்க இங்க இருந்து நடந்தா நாலு நிமிஷம்."

அவர் காபியைப் பார்த்தார். அவள் எழுந்து அதை அவர் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தாள்.

"ஆறாம் படுக்கை சார்," என்றாள் மறுபடியும். அவர் போனார். அவள் அடுத்த ஃபோனை எடுத்தாள்.